கருக்கலில் தேடும் லென்ஸ்: குமரி மாவட்டத்தில் சிறிய மிரர்லெஸ் கேமராவோடு தொடங்குவோருக்கு

கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே, காலை ஐந்தரை மணிக்குக் கேமராவைத் தூக்கிப் பிடித்திருப்பவர்களின் முகத்தில் ஒரே மாதிரியான எரிச்சலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துகிறார்கள். லென்ஸ் மெல்ல முனகிக்கொண்டு முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடியும் முன்னே போகிறது. திரையிலுள்ள கட்டம் பச்சையாகாமலேயே மறைந்துவிடுகிறது. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 8 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் அதிகம் சாயாமல் நேராக மேலேறுகிறது. ஆட்களின் முகம் ஓரளவு தெரியத் தொடங்கியதிலிருந்து சூரியன் தலைகாட்டும் வரை நமக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் மட்டுமே. அதில் பாதியை லென்ஸோடு மல்லுக்கட்டியே கழித்துவிட்டு, "பகலில் நன்றாகத்தான் எடுக்கிறது, இருட்டினால் கண் தெரிவதில்லை" என்று கேமராவைக் குறை சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கையடக்கமான மிரர்லெஸ் உடலும் (உள்ளே பிம்பத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி இல்லாத கேமரா), அதனுடன் பெட்டியிலேயே வரும் 16-50 அல்லது 14-42 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸும் மட்டுமே உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். புதிதாக எதையும் வாங்காமலேயே பெரும்பாலான சிக்கல்களைத் தீர்க்க முடியும். வாங்கியே ஆக வேண்டிய ஒரு பொருளைப் பற்றி இடையில் சொல்கிறேன்.

கேமரா எதைப் பார்த்து ஃபோகஸ் செய்கிறது

கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது பாதி உண்மை. அது உண்மையில் தேடுவது விளிம்பை, அதாவது வெளிச்சமான பகுதியும் இருண்ட பகுதியும் சந்திக்கும் கோட்டை. நண்பகல் வெயிலில்கூட வெள்ளையடித்த வெறும் சுவரைக் காட்டினால் லென்ஸ் அலைவதைப் பார்க்கலாம். நள்ளிரவில் நிலாவைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கருக்கலில் நடப்பது என்னவென்றால், நம் கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள் பலவும் சென்சாரின், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் பதிவு செய்யும் தகட்டின், கணக்கில் மங்கிக் கரைந்துவிடுகின்றன. ஆகவே இருட்டில் நாம் செய்ய வேண்டியதெல்லாம் கேமராவுக்கு ஒரு நல்ல விளிம்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேலையையே வெவ்வேறு வகையில் செய்கிறது.

மிரர்லெஸ் கேமராக்கள் இதை இரண்டு முறைகளில் கண்டுபிடிக்கின்றன. ஒன்று, லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்து, உச்சியைத் தாண்டிய பிறகு திரும்பி வரும் முறை. இதைக் கான்ட்ராஸ்ட் முறை என்பார்கள். 2008-இல் பானசோனிக் வெளியிட்ட முதல் மிரர்லெஸ் கேமரா இந்த ஒரு முறையை மட்டுமே கொண்டிருந்தது. மலையின் உச்சியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போன்றது இது. எந்தத் திசையில் போக வேண்டும் என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும் என்பதால், வெளிச்சம் குறையும்போது முன்னும் பின்னும் அலைச்சல் கூடிவிடுகிறது. மற்றொன்று ஃபேஸ் முறை. லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் ஒளியையும் வலப்பக்கம் வழியாக வரும் ஒளியையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே பார்வையில் கணிப்பது. 2011-இல் வந்த நிகான் 1 வரிசை முதலாக இதற்கான புள்ளிகள் மிரர்லெஸ் சென்சாரின் மேலேயே பதிக்கப்படுகின்றன. இன்று கடையில் கிடைக்கும் கேமராக்களில் பெரும்பாலானவை இரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றன. இருட்டு அதிகமாகும்போது ஃபேஸ் புள்ளிகள் கைவிட்டு, கான்ட்ராஸ்ட் முறை பொறுப்பேற்பதால்தான், பகலில் கண்சிமிட்டும் நேரத்தில் ஃபோகஸ் ஆன அதே கேமரா இரவில் தடுமாறுகிறது.

பெட்டியின் மேல் "மைனஸ் 3 இவி வரை ஃபோகஸ்" என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. இவி என்பது வெளிச்சத்தை அளக்கும் எண்; மைனஸ் 3 இவி ஏறக்குறைய முழுநிலவொளியில் தெரியும் தரையின் வெளிச்சம். ஆனால் அந்த எண் எஃப் 2 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) லென்ஸைப் பொருத்தி, பெரும்பாலும் நடுப்புள்ளியை வைத்து அளந்தது. விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் அதுவும் இருக்கும். உங்கள் ஜூம் லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப் 5.6 மட்டுமே திறக்கும். எஃப் 2 லென்ஸைக் காட்டிலும் எட்டில் ஒரு பங்கு ஒளியே சென்சாருக்கு வந்து சேர்கிறது என்பதால், மைனஸ் 3 என்ற வாக்குறுதி உங்கள் கையில் ஏறத்தாழ பூச்சியமாகச் சுருங்கிவிடுகிறது.

மங்கல் எதனால் என்று பிரித்தறிதல்

படம் மங்கலாக வந்ததும் ஃபோகஸ் தவறிவிட்டது என்று முடிவு செய்வது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. படத்தைத் திரையில் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். நீங்கள் குறிவைத்த ஆளுக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வேறு ஏதாவது கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் இடம் மாறிவிட்டது. எதுவுமே கூர்மையாக இல்லாமல், விளக்குகள் எல்லாம் ஒரே திசையில் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தால், ஆடியது உங்கள் கை. தூணும் சுவரும் தெளிவாக இருந்து ஆட்கள் மட்டும் கரைந்திருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. பின்னிரண்டு நோய்களுக்கும் ஃபோகஸ் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் குணம் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில். டிசம்பர் 3-ஆம் தேதி புனிதரின் திருநாளையொட்டி இரவில் தேர் வரும். வீதி முழுவதும் சீரியல் பல்புகள் தொங்கும். தேரின் முன்னால் மெழுகுவத்தி பிடித்து நடந்துவந்த ஒரு மூதாட்டியின் முகத்தை நாற்பது படங்களுக்கு மேல் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது, பின்னாலிருந்த சீரியல் பல்புகள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தன. பாட்டியின் முகம் ஒன்றில்கூட இல்லை. அடுத்த ஆண்டு ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை இரண்டு மடங்காக ஏற்றிக்கொண்டு போனேன், அப்போதும் பல்புகளே வென்றன. ஃபோகஸ் செய்யும் நேரத்தில் கேமரா தன் சென்சாரின் உணர்திறனைப் பெரும்பாலும் தானே தனியாக ஏற்றிக்கொள்கிறது. நாம் வைக்கும் ஐஎஸ்ஓ எண் பதிவாகும் படத்துக்கானது. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஷட்டர் வேகம் கூடும், அதனால் அசைவு குறையும். ஃபோகஸ் கூடுமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

கருக்கலில் நின்றுகொண்டு மெனுவுக்குள் துழாவுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஆகவே முந்தைய நாள் மாலையிலேயே பின்வருவனவற்றை வரிசையாகச் செய்துவிடுங்கள்.

முதலாவதாக, ஃபோகஸ் முறையை ஒற்றை ஃபோகஸுக்கு, அதாவது ஏஎஃப்-எஸ் என்று திரையில் காட்டும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருமுறை பிடித்ததும் அங்கேயே நிற்கும் இந்த முறையில்தான் கேமரா நிதானமாகத் தேடும். கேமராவின் முகப்பிலுள்ள சிறு உதவி விளக்கும் பெரும்பாலான கேமராக்களில் இந்த முறையில் மட்டுமே எரியும்.

இரண்டாவதாக, திரை முழுவதிலும் கேமராவே இடம் தேர்ந்தெடுக்கும் அகலக் கட்டத்தை விட்டுவிட்டு, நீங்கள் நகர்த்தக்கூடிய ஒற்றைக் கட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். அகலக் கட்டத்தில் மிக வெளிச்சமான, மிகக் கூர்மையான விளிம்புதான் வெற்றி பெறும். என் சீரியல் பல்புகளின் கதை அதுதான். ஆனால் கட்டத்தை மிகச் சிறியதாக்கியும் விடாதீர்கள். பகலில் கண்ணிமையைக் குறிவைக்க உதவும் பொடிக் கட்டத்துக்குள் இருட்டில் எந்த விளிம்பும் அகப்படாமல் போகலாம். நடுத்தர அளவே இரவுக்கு ஏற்றது.

மூன்றாவதாக, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, முழுதாகத் திறந்தே ஃபோகஸ் செய்யப் பழகுங்கள். சில கேமராக்கள் நீங்கள் எஃப் 8 என்று வைத்திருந்தால் லென்ஸை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டே ஃபோகஸைத் தேடும். கண்ணை இடுக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதைப் போல. முழுதாகத் திறந்து ஃபோகஸைப் பிடித்துப் பூட்டிவிட்டு, அதன் பிறகு எஃப் 8-க்கு இறக்கினால் தடுமாற்றம் பாதியாகக் குறையும்.

லென்ஸின் முன்னால் போலரைசர் போன்ற இருட்டுக் கண்ணாடி ஏதேனும் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பகல் வெயிலுக்காக மாட்டிய போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு படி ஒளியை (ஒரு படி குறைந்தால் ஒளி பாதியாகும்) விழுங்கிக்கொண்டு இரவிலும் அப்படியே உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுவது எளிது. உதவி விளக்கை, வெயில் படாமல் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடின் நீண்ட விளிம்போ உங்கள் விரலோ மறைக்கிறதா என்றும், ஓசையில்லாத ஷட்டரை இயக்கினால் அது தானாக அணைந்துவிடுகிறதா என்றும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இந்த விளக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் தொலைவுக்குத்தான் பயன்படும்; அதை எரியவிட்டு விவேகானந்தர் பாறையை ஃபோகஸ் செய்ய முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லென்ஸ் பற்றி ஒரு சொல். பெட்டியில் வரும் ஜூம் லென்ஸை இருட்டில் 16 அல்லது 14 மில்லிமீட்டரிலேயே, அதாவது விரிந்த முனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எஃப் 3.5 திறப்பு கிடைக்கும். வாங்கியே ஆக வேண்டிய பொருள் என்று முன்பு சொன்னது, எஃப் 1.8 திறக்கும் ஜூம் இல்லாத லென்ஸ் ஒன்று. எஃப் 5.6-ஐக் காட்டிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை அது உள்ளே விடுகிறது. இருட்டில் ஃபோகஸ் ஆவதற்கு, புதிய கேமரா உடலுக்குச் செலவிடுவதைவிட இதற்குச் செலவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

விளிம்பைத் தேடுதல்

இனி களத்துக்கு வருவோம். உதயத்துக்கு முன் கடற்கரையில் நிற்கிறீர்கள். எதிரே கடலும் வானமும் சேரும் நீண்ட கோடு தெளிவாகத் தெரிகிறது. கட்டத்தை அதன் மேல் வைக்கிறீர்கள், லென்ஸ் அலைகிறது. இத்தனை தெளிவான விளிம்பு இருந்தும் ஏன் பிடிக்கவில்லை? சென்சாரில் பதித்த ஃபேஸ் புள்ளிகள் பெரும்பாலான கேமராக்களில் இடப்பக்க ஒளியையும் வலப்பக்க ஒளியையும் மட்டுமே ஒப்பிடுகின்றன. நெடுக்காக நிற்கும் கோடு இடவலமாக விலகினால் அவற்றுக்குத் தெரியும். கிடைக்கோடு இடவலமாக விலகினால் அதே கோடாகவே இருப்பதால் அவற்றுக்கு வித்தியாசமே தெரியாது. கடலின் விளிம்பு முழுக்க முழுக்கக் கிடைக்கோடு. குறுக்கும் நெடுக்கும் அறியும் புள்ளிகள் கொண்ட கேமராக்கள் சில உண்டு, ஆனால் சிறிய, விலை குறைந்தவற்றில் அவை அரிது.

இதற்கு மருந்து மிக எளியது: கேமராவைத் தொண்ணூறு பாகை திருப்பி, நெடுக்காகப் பிடியுங்கள். இப்போது கேமராவின் பார்வையில் கடல்விளிம்பு செங்குத்துக் கோடாகிவிட்டது. பாதி அழுத்தினால் கட்டம் பச்சையாகும். பொத்தானை விடாமல் கேமராவைப் பழையபடி கிடையாகத் திருப்பிப் படத்தை எடுங்கள். இந்த ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்ததற்காக, முன்பின் தெரியாத ஒருவர் எனக்குக் கடற்கரையில் சுக்குக் காபி வாங்கித் தந்திருக்கிறார்.

திருப்ப மனமில்லையென்றால் நெடுக்கு விளிம்பு ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கு விளக்கு எரியும் நேரத்தில், சிலையின் பக்கவாட்டு விளிம்பு இருண்ட வானத்துக்கு எதிரே நெடுக நிற்கிறது. அதைவிட வசதியான ஃபோகஸ் இலக்கு இந்தக் கரையில் வேறு கிடையாது. கட்டத்தைச் சிலையின் நடுமார்பில் வைக்காமல், பாதி சிலையும் பாதி வானமும் கட்டத்துக்குள் வருமாறு வையுங்கள். சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் கண்ணைக் கவர்ந்தாலும், அதன் நடைதளமும் கிடைக்கோடுதான் என்பதை நினைவில் வையுங்கள். கரையிலிருந்து பார்க்கும்போது இவை எல்லாமே உங்கள் விரிகோண லென்ஸுக்கு ஒரே தொலைவில் இருப்பவை போலத்தான். சிலையில் பிடித்த ஃபோகஸ் பாறைக்கும் அடிவானத்துக்கும் அப்படியே பொருந்தும். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும் காட்சிக்காக வருபவர்கள், நிலாவின் விளிம்பிலேயே ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் எடுக்கலாம்.

விளக்குகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எரியும் பல்பின் மேலோ விளக்குச் சுடரின் மேலோ கட்டத்தை வைத்தால், கேமரா பல நேரங்களில் தவறான இடத்தில் நின்றுகொண்டு பச்சை காட்டும். ஃபோகஸ் விலகும்போது ஒளிப்புள்ளி பெரிய வட்டமாக வீங்குகிறது. அந்த வட்டத்தின் ஓரமும் ஒரு விளிம்பாகக் கேமராவுக்குத் தெரிவதால் அதையே பிடித்துக்கொள்கிறது. வீட்டில் ஏற்றிய குத்துவிளக்கை எடுக்கும்போது சுடரை விட்டுவிட்டு, அந்தச் சுடரின் ஒளி விழும் பித்தளைத் தட்டின் ஓரத்தையோ, எண்ணெயில் நனைந்த திரியின் கருகிய முனையையோ கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒளியைத் தருகிற பொருளை விட்டு ஒளியை வாங்குகிற பொருளைப் பிடித்தால் தவறு குறையும்.

பத்மநாபபுரம் அரண்மனை இந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனி அனுமதிச்சீட்டு உண்டா, எந்த அறைகளில் எடுக்கலாம் என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தேக்கும் பலாவும் கறுத்துப்போன அறைகளில், மரச் சட்டங்களின் இடைவெளி வழியாக மட்டுமே பகல் கசிகிறது. பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் கூரையில் செதுக்கிய 90 பூக்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஆனால் கறுப்பு மரத்தில் கறுப்புச் செதுக்கல் என்பதால், நேராகக் கீழே நின்று எடுக்க முயன்றால் லென்ஸ் தவிக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் பூ ஒன்றின் நிழல் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தால் உடனே பிடிக்கும். கூரை முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் அந்த ஒன்று மற்றவற்றுக்கும் போதும்.

அங்குள்ள தரையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்ணாடி போல மின்னும் அந்தக் கரிய தரையில் சன்னலின் பிம்பம் விழுந்திருக்கும்; தரையை ஃபோகஸ் செய்வதாக நினைத்துக் கட்டத்தை அதன் மேல் வைத்தால், படத்தில் தரை மங்கலாகவும் பிம்பம் தெளிவாகவும் வரும். கேமராவுக்குப் பிம்பம் இருக்கும் தொலைவு, தரைவரை உள்ள தூரத்தோடு தரையிலிருந்து சன்னல்வரை உள்ள தூரத்தையும் கூட்டிய அளவு. தரைதான் வேண்டுமென்றால் ஒரு கீறலையோ தூசித் துகளையோ தேடிப் பிடியுங்கள். பிம்பம்தான் வேண்டுமென்றால் கேமரா செய்தது சரியே.

பூட்டுவதும், கையால் திருப்புவதும்

ஒருமுறை ஃபோகஸ் கிடைத்துவிட்டால் அதை இழக்காமல் வைத்துக்கொள்வது அடுத்த படி. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகத் தேடச் சொன்னால், மூன்றாவது தடவையில் கேமரா ஏமாற்றிவிடும். ஃபோகஸ் பிடித்ததும் எம்எஃப் என்ற கைமுறைக்கு மாற்றிவிடுங்கள்; அதன் பிறகு ஷட்டரை எத்தனை முறை அழுத்தினாலும் லென்ஸ் நகராது. பின்பக்கப் பொத்தான் ஒன்றுக்கு ஃபோகஸ் வேலையை ஒதுக்கி, ஷட்டரிலிருந்து அதைப் பிரித்துவிடும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு வாரம் விரல் குழம்பும், பிறகு பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

கேமராவால் முடியவே முடியாத இடத்தில் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். கைமுறைக்கு மாற்றி, ஏதேனும் ஒரு விளக்கையோ நட்சத்திரத்தையோ திரையில் ஐந்து அல்லது பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். புள்ளி சுருங்கிக்கொண்டே வந்து, மிகச் சிறியதாகி, மறுபடியும் வீங்கத் தொடங்கும். வீங்குவதைப் பார்த்த பிறகு சற்றே திரும்பி வாருங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் விண்மீன்களை எடுக்கப் போகிறவர்களுக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது. "முடிவிலி" என்று நினைத்து வளையத்தைக் கடைசி வரை திருப்பிவிட்டால் நட்சத்திரங்கள் எல்லாம் சிறு அப்பளங்களாக வந்து சேரும், ஏனெனில் தானியங்கி லென்ஸ்கள் வெப்பத்தால் ஏற்படும் மாற்றத்துக்கு இடம் விட்டு முடிவிலியைத் தாண்டியும் சற்றுத் திரும்புமாறு செய்யப்பட்டவை. சிறிய லென்ஸ்கள் பலவற்றில் வளையம் மின்சாரத்தின் வழியே மோட்டாரை இயக்குவதால், கேமராவை அணைத்து ஏற்றினாலோ ஜூம் செய்தாலோ பிடித்துவைத்த ஃபோகஸ் போய்விடலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியைப் பகலில் நம்பலாம். இருட்டில் திரையின் இரைச்சல் புள்ளிகளையும் விளிம்பென்று நினைத்து அது பூசிவிடும். நான் இரவில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

நகரும் ஆட்கள்

குளச்சல் மீன் ஏலத்தை விடியற்காலையில் எடுக்க விரும்புபவருக்கு, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே ஃபோகஸ் செய்ய நேரம் இருக்காது. கூடை வந்திறங்கியதும் விலை கூவத் தொடங்கி, மூச்சுவிடும் நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். இங்கே கேமராவைத் தேடவே விடாமல் இருப்பது சிறந்த வழி. லென்ஸை விரிந்த முனையில், எஃப் 3.5-இல் வையுங்கள். வெளிச்சம் உள்ள ஓரிடத்தில் நான்கு மீட்டருக்கு, அதாவது நிதானமான ஐந்தாறு எட்டுகளுக்கு அப்பால் உள்ள பெட்டியையோ கம்பத்தையோ ஃபோகஸ் செய்து, கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். 16-50 லென்ஸோடு வரும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 16 மில்லிமீட்டருக்கும், 14-42 லென்ஸோடு வரும், அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 14 மில்லிமீட்டருக்கும், ஏறத்தாழ இரண்டு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு வரும். பிறகு ஷட்டர் வேகத்தை மட்டும் கவனித்தால் போதும். குழல்விளக்கும் எல்இடியும் எரியும் இடமென்றால் 1/50 அல்லது 1/100 நொடி வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால், இந்த வேகங்களில் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும் வாய்ப்பு குறைவு.

தேர் போன்ற மெதுவான ஊர்வலத்துக்கு, ஆள் வரப்போகும் இடத்தை முன்கூட்டியே பிடித்துவைக்கும் பழைய முறையே போதுமானது. சாலையோர மின்கம்பத்தின் விளிம்பில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பாட்டியின் முகம் அந்தக் கம்பத்துக்கு நேராக வரும் நொடியில் அழுத்துங்கள். தொடர்ந்து பின்தொடரும் ஏஎஃப்-சி முறையும் முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதியும் நல்ல வெளிச்சத்தில் அருமையானவை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், முகத்தின் பாதி நிழலில் இருக்கும்போது, அவை பின்னாலிருப்பவரிடம் தாவிவிடும்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு எடுப்பது இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், விடிவதற்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை தொடங்கிவிடும். சுற்றிலும் கும்மிருட்டு, மரப்பட்டையில் மட்டும் தட்டளவு வெளிச்ச வட்டம், அதன் நடுவே, சாய்வாகக் கீறிய கோட்டில் வெண்மையான பால் ஊறி, சிரட்டையை நோக்கி வழிகிறது. கறுத்த பட்டைக்கு எதிரே அந்த வெள்ளைக் கோட்டைவிடச் சிறந்த விளிம்பு வேண்டுமா? கேமரா தயங்காமல் பிடிக்கும். சிக்கல் அதற்கு அடுத்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 11 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். கத்தி பிடித்த கை தெளிவாகவும், ஒரு முழம் தள்ளியிருக்கும் முகம் மங்கலாகவும் வந்துவிடும். எஃப் 4-க்கு இறக்கினால் ஆழம் ஒரு சாணுக்குச் சற்று மேலே போகும். அதற்கும் மேலாக, மரமும் முகமும் உங்களிடமிருந்து ஒரே தொலைவில் இருக்குமாறு பக்கவாட்டில் போய் நின்றால் எஃப் 1.8-ஐயே வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை நான் கைப்பேசி விளக்கை அடித்து ஃபோகஸ் செய்ய முயன்றபோது, "மக்கா, கண்ணுல அடிக்காத, வெட்டு ஆழமாப் போனா மரம் கெட்டுப்போவும்" என்று அந்தப் பெரியவர் சொன்னார். உதவிக்கு விளக்கடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பொருளின் மேல் மட்டும், ஃபோகஸ் பிடிக்கும் வரை மட்டும் அடியுங்கள். கேமராவின் ஆரஞ்சு உதவி விளக்குக்கும் இதே மரியாதை பொருந்தும்.

உப்பும் ஈரமும்

நம் கடற்கரையில் அரைமணி நேரம் நின்றாலே லென்ஸின் முகப்பில் உப்புப் படலம் படிந்துவிடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது; ஆனால் விளக்குகளைச் சுற்றி ஒளி பரவி விளிம்புகளை மங்கச் செய்வதால், ஏற்கெனவே திணறும் ஃபோகஸ் மேலும் திணறும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பின்னர் லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றியெடுங்கள். ஏசி போட்ட விடுதி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் பூக்கும். பையை மூடியபடியே வெளியே வைத்து, அரைமணி நேரம் கழித்துத் திறப்பது நல்லது. அந்த ஈரத்தைப் பார்க்காமல், கேமரா கெட்டுவிட்டதென்று நினைத்து மெனுவில் எல்லாவற்றையும் மாற்றிவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

வீட்டில் ஒரு பயிற்சி

இவற்றைக் களத்தில் முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள். இரவில் அறையின் விளக்கையெல்லாம் அணைத்து, ஒரு சீரோ வாட் பல்பை மட்டும் எரியவிட்டு, மேசையின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், வரிகள் உள்ள ஒரு செய்தித்தாள், ஒரு வெள்ளைத் துணி ஆகியவற்றை வையுங்கள். துணியின் நடுவில் கட்டத்தை வைத்து லென்ஸ் அலைவதைப் பாருங்கள். பிறகு துணியின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். செய்தித்தாளின் வரிகள் கிடையாக இருக்கும்போது ஒருமுறையும், தாளை நெடுக்காகத் திருப்பிவைத்து ஒருமுறையும் பிடித்து, உங்கள் கேமராவுக்கு எது எளிது என்று குறித்துக்கொள்ளுங்கள். டம்ளரில் தெரியும் பல்பின் பிம்பத்தை ஒருமுறையும், டம்ளரின் வாய் விளிம்பை ஒருமுறையும் எடுத்து, இரண்டு படங்களையும் பெரிதாக்கி அருகருகே பாருங்கள். கடைசியாகத் திரையைப் பார்க்காமலேயே, விரலால் தடவி, ஃபோகஸ் கட்டத்தை நகர்த்துவது, கைமுறைக்கு மாற்றுவது, பெரிதாக்கிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் செய்ய முடிகிறதா என்று சோதியுங்கள். முடிந்தால் மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைக்கலாம்.